காலிப் பணியிடமும் தளரும் தகுதியும்: எதைத் தளர்த்தலாம், எதைத் தொடக்கூடாது

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டது. நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்கு எடுத்தவர் மே 31ஆம் தேதியோடு ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு எப்போது வரும் என்று தலைமையாசிரியருக்கும் தெரியாது, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தெரியாது. மூன்று வகுப்புக்கும் சேர்த்து வாரத்துக்கு ஏறத்தாழ இருபது பாடவேளைகள் ஆளில்லாமல் நிற்கின்றன. "யாரையாவது போடுங்கள்" என்று பெற்றோர் கேட்பார்கள். அந்த "யாரையாவது" என்ற சொல்லில்தான் தகுதித் தளர்வு தொடங்குகிறது.

தகுதியைக் குறைப்பது என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் நான்கு வேறு வேறு காரியங்கள் இருக்கின்றன. படிப்பைக் குறைக்கலாம், பயிற்சியை விட்டுக்கொடுக்கலாம், தகுதித் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண்ணை இறக்கலாம், அல்லது தகுதியில் கை வைக்காமல் சம்பளத்தையும் பணி உறுதியையும் குறைத்து ஆள் எடுக்கலாம். நான்கும் நான்கு விதமாகப் பழுதாகும். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்குச் சொல்வதால்தான் இந்த விவாதம் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றுகிறது.

அடிப்படை விதி இது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 23ஆம் பிரிவின்படி ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுக்கிறது. 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கையில் அது வந்தது: ஒன்று முதல் ஐந்து வரை பிளஸ் டூவும் இரண்டாண்டுப் பட்டயப் பயிற்சியும், ஆறு முதல் எட்டு வரை பட்டமும் பி.எட்.டும், இரண்டுக்கும் பொதுவாக ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது அது. ஐந்து ஆசிரியர் பள்ளியில் ஒரே ஒரு இடம் காலியானாலும் 20 விழுக்காடு ஆகிவிடும். ஆகவே சின்னப் பள்ளியில் ஒரு காலியிடம்கூடச் சட்டப்படி இருக்க முடியாது.

தேர்ச்சி மதிப்பெண்ணை இறக்குவது

தமிழ்நாட்டின் முதல் டெட் 2012 ஜூலை 12 அன்று நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆசிரியர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அன்று பேசினார்கள். ஆனால் 150 வினாக்களுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. வினாவுக்கு 36 வினாடி. அக்டோபரில் நேரத்தை மூன்று மணியாக்கி மறுபடி நடத்தியபோது பல மடங்கு பேர் தேறினார்கள். மதிப்பெண் எல்லையைத் தொடுவதற்கு முன் தேர்வையே ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்து 2014 பிப்ரவரியில் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு வந்தது: 90 மதிப்பெண் 82 ஆனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 நவம்பரில் அந்தத் தளர்வு செல்லும் என்று தீர்ப்பானது. ஆந்திரம், தெலங்கானாவில் பொதுப் பிரிவுக்கு 60, பிற்படுத்தப்பட்டோருக்கு 50, பட்டியலின, பழங்குடியினருக்கு 40 விழுக்காடு. மதிப்பெண்ணில் சொன்னால் 90, 75, 60.

இந்த எண்களுக்கு என்ன பொருள்? டெட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக 37 மதிப்பெண்ணுக்கு மேல் வரும். உறுதியாகத் தெரிந்த வினாக்களுக்கு விடையளித்து, மீதியை ஊகித்துக் குறிக்கும் ஒருவர் 90 எடுக்க ஏறத்தாழ 70 வினா தெரிந்திருக்க வேண்டும், 82 எடுக்க 60 போதும், 75க்கு 50, 60க்கு வெறும் 30. அதாவது 90லிருந்து 82க்கு இறங்குவதும் 75லிருந்து 60க்கு இறங்குவதும் ஒரே அளவான காரியமல்ல. எல்லை கீழே போகப் போக ஊகத்தின் பங்கு வேகமாக ஏறுகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை, ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்களுக்கான டெட் இரண்டாம் தாளின் அமைப்பில் இருக்கிறது. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. கணக்கும் அறிவியலும் சேர்த்து 60. முதல் மூன்று பகுதிகளின் மொத்தம் 90. ஒருவர் அவற்றில் 70 எடுத்தால், 82ஐத் தொடப் பாடப் பகுதியில் 12 போதும். 60 வினாவில் ஊகித்தாலே 15 வரும்! இயற்பியல் படித்தவர் கணக்கு வினாக்களை மொத்தமாக விட்டுவிட்டும் தேறலாம். ஆகவே மொத்த மதிப்பெண்ணைப் பற்றிய சண்டையைவிடப் பயனுள்ளது பாடப் பகுதிக்குத் தனியாக ஒரு தரைமட்டம் வைப்பது. 60க்கு 30 என்று அங்கே கட்டாயமாக்கிவிட்டு மொத்தத்தில் தளர்வு கொடுத்தால் வகுப்பறைக்குப் பெரிய பாதகம் வராது. சமூக நீதிக்காகக் கொடுக்கும் தளர்வையும் தரத்தையும் எதிரெதிரே நிறுத்தவேண்டிய தேவையும் இருக்காது.

தமிழ்நாட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 2018ஆம் ஆண்டின் 149ஆம் அரசாணைக்குப் பிறகு டெட் வெறும் நுழைவுச்சீட்டு. வேலை கிடைப்பது தனியான போட்டித் தேர்வில். அந்த முறையில் இடைநிலை ஆசிரியர்களுக்கான, அதாவது ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர்களுக்கான, தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. 2013இல் டெட் தேறியவர்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். எனவே இங்கே தேர்ச்சி எல்லையை இறக்குவதால் வரிசை நீளுமே தவிர வகுப்பறைக்கு ஒரு ஆசிரியர்கூடக் கூடுதலாக வரமாட்டார். தகுதியுள்ள ஆள் இல்லாத பஞ்சமல்ல இது, நியமனப் பஞ்சம். பிகார், உத்தரப் பிரதேசம் போன்ற இடங்களில் ஒரு காலத்தில் பயிற்சி பெற்றவர்களே போதாமல் இருந்தார்கள். அங்கே சொன்ன மருந்தை இங்கே குடிக்கக் கூடாது.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் நிலை வேறு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது; ஐந்தாண்டுக்கும் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம், ஆனால் தேறாமல் பதவி உயர்வு இல்லை. இருபது ஆண்டு எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தியவரையும் நேற்றுப் பட்டம் வாங்கியவரையும் ஒரே எல்லையில் நிறுத்துவது நியாயமில்லை என்ற குரலில் உண்மை இருக்கிறது. அவர்களுக்குத் தளர்வு கேட்பது பஞ்சத்துக்காகத் தரத்தை இறக்குவதாகாது. இரண்டையும் ஒரே அரசாணையில் கலந்தால்தான் குழப்பம்.

படிப்பையும் பயிற்சியையும் விட்டுக்கொடுப்பது

இது நான்கிலும் ஆபத்தானது. காரணம், இதன் விலை எட்டு பத்து ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் கேட்கப்படும்.

2018 ஜூன் 28 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கலாம், சேர்ந்த இரண்டு ஆண்டுக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்றது. பி.எட். மேல் படிப்புதானே, அதில் என்ன குறை என்று தோன்றும். ஆனால் பி.எட். சொல்லிக்கொடுப்பது ஒரு பாடத்தை வளர்ந்த பிள்ளைகளுக்கு நடத்தும் முறையை. எழுத்தே தெரியாத ஐந்து வயதுக் குழந்தை ஒலியை எழுத்தோடு சேர்ப்பது எப்படி, பத்துக்களைக் கட்டாகக் கட்டி எண்ணுவது எப்படி, ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு இரண்டுக்கு வேலை கொடுத்து ஒன்றுக்குப் பாடம் நடத்துவது எப்படி என்பதெல்லாம் பட்டயப் பயிற்சியின் வேலை. தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்பை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அங்கே அந்தக் கடைசித் திறன் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அந்தத் தேதிக்கு முன் பணியில் சேர்ந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள். நம்பிப் படித்துக் காத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள்.

பயிற்சி இல்லாமல் எடுத்துவிட்டுப் பிறகு பயிற்சி கொடுப்பதும் இதே கதைதான். 2017இல் சட்டத்தைத் திருத்தி, பயிற்சி பெறாமல் பணியில் இருந்தவர்களுக்கு 2019 மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 18 மாதப் பட்டயத்தை நாடு முழுக்க நடத்தியது. அது இரண்டாண்டுப் பட்டயத்துக்குச் சமமல்ல என்று 2023 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பணியிலிருந்தபடி படித்தவர்களுக்குச் செல்லும் என்ற விளக்கம் ஓராண்டு கழித்துத்தான் கிடைத்தது.

உத்தரப் பிரதேசத்தின் சிக்ஷா மித்ராக்கள் இதன் உச்சம். பிளஸ் டூ தகுதியோடு, சிறு மதிப்பூதியத்துக்கு ஊரிலேயே எடுக்கப்பட்டவர்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். பின்னாளில் அவர்களை நிரந்தரமாக்கியதை 2017 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 10,000 ரூபாய் மதிப்பூதியத்துக்குத் திரும்பினார்கள். நடுவயதில், குடும்பத்தோடு. தகுதியைக் குறைத்து எடுக்கும்போது பிள்ளைகளுக்கு மட்டும் அநியாயம் நடப்பதில்லை. உள்ளே வந்தவருக்கும் அது பொறிதான்.

சம்பளத்தையும் பணி உறுதியையும் குறைப்பது

தமிழ்நாடு மறுபடி மறுபடி எடுத்திருக்கும் வழி இது. 2003 முதல் தொகுப்பூதியத்தில், அதாவது மாதம் ஒரு நிலையான தொகைக்கு, ஆசிரியர்களை எடுத்து, 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். அவர்களில் பலர் இன்னும் பகுதிநேரமாகவே இருக்கிறார்கள். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 13,331 தற்காலிக இடங்கள்: இடைநிலை 4,989, பட்டதாரி 5,154, முதுகலை 3,188. ஊதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். பின்னர் 12,000, 15,000, 18,000 ஆக உயர்ந்தது. முதலில் வந்த வழிகாட்டுதலை எதிர்த்து வழக்கு வந்த பிறகு, டெட் தேறியவர்களுக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கும் முன்னுரிமை என்று திருத்தினார்கள்.

நிரந்தரப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. அகவிலைப்படியைச் சேர்க்காமலே, தற்காலிக ஆசிரியருக்குக் கிடைக்கும் 15,000 அதில் பாதிகூட இல்லை. அதே பாடம், அதே பாடவேளை.

ஒப்பந்த ஆசிரியர் என்றாலே கற்பித்தல் மோசமாகும் என்று சொல்வதற்கில்லை. ஆந்திரக் கிராமப் பள்ளிகள் நூற்றில் கூடுதலாக ஒரு ஒப்பந்த ஆசிரியரைக் கொடுத்து இரண்டு ஆண்டு ஆராய்ந்ததில் பிள்ளைகளின் கணக்கும் மொழியும் முன்னேறின. பள்ளிக்கு வராத நாட்களும் நிரந்தர ஆசிரியர்களைவிட ஒப்பந்த ஆசிரியர்களுக்குக் குறைவாகவே இருந்தன. ஆனால் அங்கே கவனிக்க வேண்டிய சொல் "கூடுதலாக". இருந்த ஆசிரியரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கவில்லை. கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களைத் தொண்டு நிறுவனம் நிர்வகித்தபோது வந்த பலன், அரசு அதே திட்டத்தை நடத்தியபோது வரவில்லை. சம்பளம் தேதிக்கு வருகிறதா, யாராவது வந்து பார்க்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம் விளைகிறது.

தற்காலிக நியமனம் எங்கே முறிகிறது என்றால், பெரும்பாலும் கல்வியாண்டின் நடுவில். டெட் தேறிய நல்ல ஆளை எடுத்தால் அவர் போட்டித் தேர்வுக்கும் படிப்பவராக இருப்பார். அறிவிப்பு வந்ததும் இரண்டு மாதம் முன்பே நின்றுவிடுவார். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. ஊதியம் இரண்டு மூன்று மாதம் சேர்ந்து வந்தால் பக்கத்துத் தனியார் பள்ளிக்குப் போய்விடுவார். ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்து, அடுத்த ஜூனில் அவரே வருவார் என்ற உறுதியும் இல்லை; ஏழாம் வகுப்பில் பின்னத்தைத் தொடங்கியவர் வேறு, எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் எடுப்பவர் வேறு என்றாகும். நீண்ட நாள் வேலை பார்த்தாலும் நிரந்தரம் கேட்கும் உரிமை வராது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2006ஆம் ஆண்டு உமாதேவி வழக்குத் தீர்ப்பிலிருந்து நிலைத்த சட்டம்.

மாற்றுப்பணி

அடுத்த பள்ளியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ஒருவரை அனுப்புவது. ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கைப்படி பணியாளர் நிர்ணயம் நடந்து, அங்கே உபரி என்று வந்தவரை அனுப்பினால் நல்லது. உபரி இல்லாத பள்ளியிலிருந்து எடுத்தால் ஓட்டை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மலைப்பகுதிகளில் பேருந்து நேரமே பாதி நாளைத் தின்றுவிடும். ஒரு பருவத்துக்கு மேல் நீட்டக் கூடாத வழி.

முறையான நியமனத்தை வேகப்படுத்துவது

"அது நேரமாகும்" என்ற ஒரே வரியில் ஒதுக்கப்படும் வழி. ஆனால் 2023 மே இறுதியில் பிகார் அரசுப் பணியாளர் தேர்வாணையம் 1.7 லட்சம் ஆசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு விட்டது, ஆகஸ்டில் தேர்வு, நவம்பர் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நியமன ஆணை. ஐந்து மாதம். வழக்குகளும் குளறுபடிகளும் அங்கேயும் உண்டு, ஆனாலும் முடிந்தது.

ஆசிரியர் காலியிடம் புயல்போல் சொல்லாமல் வருவதல்ல. பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தரவுத்தளமான எமிஸில் ஒவ்வொரு ஆசிரியரின் பிறந்த தேதியும் இருக்கிறது. ஓய்வு வயது 60. ஆண்டின் நடுவில் வயது நிறைந்தவர்களும் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் பெறுவதால், ஓய்வினால் வரும் காலியிடம் எல்லாமே மே 31 அன்று ஒரே நாளில் விழுகிறது. அடுத்த மூன்று ஆண்டுகளில் எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு இடம் காலியாகும் என்பதை இன்றே பட்டியலிடலாம். மே மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆணைக்கும் கலந்தாய்வுக்கும் ஏப்ரல்–மே, சான்றிதழ் சரிபார்ப்புக்கு மார்ச், தேர்வுக்கு டிசம்பர்–ஜனவரி, அறிவிப்புக்குச் செப்டம்பர். ஆண்டுதோறும் செப்டம்பரில் அறிவிப்பு என்று ஒரு நாட்காட்டி இருந்தால் மேலே சொன்ன தளர்வுகளில் பெரும்பாலானவற்றைப் பேசவே வேண்டியிருக்காது. எங்கள் கணிப்பில் முதல் இடம் இதற்கே. மற்றவை இதற்குக் காத்திருக்கும் மாதங்களை ஓட்டுவதற்கான ஊன்றுகோல்கள்.

இந்த ஜூனில் என்ன செய்வது

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குத் தற்காலிக ஆசிரியர் வேண்டாம். தொடக்கப் பிரிவில் இடம் காலியானால், பள்ளியில் இருக்கும் நிரந்தர இடைநிலை ஆசிரியரை ஒன்று, இரண்டுக்கு மாற்றிவிட்டு, புதியவரை நான்கு, ஐந்துக்குப் போடுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை சுமாரான ஆசிரியரிடமும் ஓராண்டைக் கடத்திவிடும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த ஆண்டு திரும்பி வராது.

ஆறு முதல் எட்டு வரை என்றால் பாடத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கணக்கு இடத்துக்கு டெட் தேறிய தாவரவியல் பட்டதாரியும், டெட் தேறாத கணிதப் பட்டதாரியும் விண்ணப்பித்தால் டெட் முன்னுரிமை முதலாமவர் பக்கம் நிற்கும். அப்போது அவரை அறிவியலுக்கு வைத்துக்கொண்டு, பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் அறிவியல் ஆசிரியருக்குக் கணக்கு வருமானால் பாடத்தை மாற்றிக்கொடுங்கள். விதியை மீறாமல் செய்யக்கூடிய மாற்றம் அது.

தேர்வு செய்யும் நாளில் சான்றிதழைப் பார்த்து மட்டும் அனுப்பாமல் இருபது நிமிட மாதிரி வகுப்பு வையுங்கள். கணக்குக்கு ஒரு நல்ல சோதனை: ஒரு பிள்ளை ½ + ⅓ = ⅖ என்று எழுதியிருக்கிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்பது. "தப்பு, மீச்சிறு பொது மடங்கு எடு" என்று சரியான வழியைப் பலகையில் போட்டுக் காட்டுபவருக்குக் கணக்குத் தெரியும். அந்தப் பிள்ளை மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து, ⅖ என்பது ½ஐவிடச் சிறியதாயிற்றே, கூட்டினால் குறையுமா என்று பிள்ளையிடமே கேட்பவருக்குக் கற்பிக்கத் தெரியும். இரண்டாமவர் கிடைத்தால் மதிப்பெண் இரண்டு குறைவாக இருந்தாலும், விதிக்குள் இடமிருந்தால், அவரையே எடுங்கள். தொடக்கப் பிரிவுக்கு ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அவர் முன் வாசிக்கவிட்டு, எந்த எழுத்தில் தடுக்கிறது என்று குறித்துச் சொல்லச் சொன்னால் போதும்.

எடுத்த பிறகு முதல் இரண்டு வாரம் அவரைத் தனியே விடாதீர்கள். மூத்த ஆசிரியர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு பாடவேளை பின்பெஞ்சில் உட்கார வேண்டும். வட்டார வளமையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் மாதம் ஒருமுறை வர வேண்டும். எமிஸ் பதிவு, விலையில்லாப் பொருள் விநியோகம், வங்கிக்குப் போய்வருவது எல்லாம் புதியவர் தலையில் விழுவது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. தற்காலிக ஆசிரியரை அதிலிருந்து முற்றிலும் விலக்கி வையுங்கள். அவரை எடுத்தது பாடவேளைக்காக. நடத்திய பாடத்தை வாரந்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பயிற்சி வரை முடிந்தது, எந்தப் பிள்ளைகளுக்கு எது வரவில்லை. நவம்பரில் அவர் நின்றாலும், ஜனவரியில் நிரந்தர ஆசிரியர் வந்தாலும், அடுத்தவர் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து அடுத்த பக்கத்திலிருந்து தொடங்க முடியும்.